கராத்தே கிளாஸை நிறுத்த வேண்டாம், கம்ஷீல்டு வாங்குங்கள்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, கராத்தே கற்றுக்கொள்கிறாள். போன வாரம் எதிரே ஆள் நின்று மோதும் குமிட்டே பயிற்சியில் அவள் தோழிக்கு முன்பல் வேரோடு விழுந்துவிட்டது. பல்லைக் காக்க வாயில் மாட்டும் கம்ஷீல்டை யாருமே போட்டிருக்கவில்லை. டோர்னமென்ட்டுக்குப் போட்டால் போதும் என்கிறார் மாஸ்டர். என் மகள் பல்லுக்குக் கிளிப் வேறு போட்டிருக்கிறாள். கிளாஸை நிறுத்திவிடலாமா?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. ஆனால் மாஸ்டர் சொல்வதை ஏற்காதீர்கள். உலக கராத்தே சம்மேளனம் குமிட்டே போட்டியில் கம்ஷீல்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது, சரி, ஆனால் டோர்னமென்ட் வருஷத்துக்கு நாலைந்து நாள், பயிற்சியோ வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், அதிலும் குத்தும் வேகத்தைக் கட்டுப்படுத்த இன்னும் பழகாத பிள்ளைகள் உயரம் எடை பார்க்காமல் ஜோடி சேர்ந்து மோதுவது அங்கேதான். எதிராளி இல்லாமல் தனியாகக் கட்டா செய்யும்போது தேவையில்லை. எதிரே ஆள் நின்றால் வாயில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதை வாங்குவது? கடையில் ரெடிமேடாகக் கிடைப்பதைக் கடித்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், வாயைத் திறந்தால் விழுந்துவிடும், காசுக்குக் கேடு. வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பதிக்கிற வகை பரவாயில்லை, ஆனால் அழுத்திக் கடித்தால் மெலிந்துபோகும். உங்கள் மகளுக்கு அதையும் நீங்களாக முயல வேண்டாம், இளகிய பிளாஸ்டிக் கிளிப்பில் போய்ப் பிடித்துக்கொள்ளும். கிளிப் போட்ட டாக்டரிடமே கேளுங்கள். கிளிப்புக்கு இடம் விட்டு, பல் நகர நகர மாற்றிக்கொள்ளும்படி அவர் வழி சொல்வார். கிளிப் இல்லாத பிள்ளைகளுக்குப் பல் டாக்டர் அளவெடுத்து, 3, 4 மில்லிமீட்டர் தடிமனில் செய்து தருவதுதான் சிறந்தது. எதுவானாலும் வாயைத் திறந்தால் கீழே விழக்கூடாது, மூச்சு முட்டக்கூடாது. பச்சைத் தண்ணீரில் கழுவி, ஓட்டை உள்ள டப்பாவில் வையுங்கள்; வெயிலில் நிற்கும் காரில் விட்டால் வளைந்துவிடும். அப்புறம், இதைப் போட்டால் மூளைக்கும் அதிர்ச்சி வராது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். இது பல்லையும் உதட்டையும் காக்க, அவ்வளவே.

தோழியின் பல்லை என்ன செய்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் டிஷ்யூவில் சுற்றி எடுத்துப்போவார்கள், பல்லுக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது. வேரின் மேல் ஒட்டியிருக்கும் உயிரணுக்கள் காய்ந்தால் செத்துவிடும், அவை செத்தால் பல்லைத் திரும்ப வைத்தாலும் நீண்ட நாள் நிலைப்பது கஷ்டம். அதனால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் பாலில் ஒரு தடவை அலசுங்கள், தேய்க்கவே கூடாது. பிள்ளை நல்ல நினைவோடு இருந்தால், முன்பக்கம் பின்பக்கம் பார்த்து அதே குழியில் பொருத்தி, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். கை நடுங்குகிறதா? பக்கத்துக் கடையில் ஒரு ஆவின் பாக்கெட் வாங்கி, பாலில் பல்லைப் போட்டு எடுத்துப்போங்கள், பாக்கெட் எந்த நிறமானாலும் சரி. பால் கிடைக்காவிட்டால் பிள்ளையின் எச்சிலையே ஒரு டம்ளரில் துப்பச் சொல்லி அதில் வைக்கலாம், தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது.

விழுந்தது பால்பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது, அடியில் வளரும் பல் கெட்டுவிடும். அடிபட்ட பிள்ளை மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ, பல் டாக்டர் அப்புறம், முதலில் பெரிய ஆஸ்பத்திரி.