பூங்கா பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை, ஏன்?

பெஞ்சுகளைத் திருப்பி, நடைபாதையைப் பார்த்தபடி போடுங்கள். செடி, விளக்கு எல்லாம் வைத்தும் பூங்கா காலியாகவே கிடக்கிறது என்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொன்ன அமைப்பில் பெஞ்சுகள் மதிலைப் பார்த்திருக்கின்றன, பாதை பின்னால் போகிறது. முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடினால் யாருக்கும் இருப்புக் கொள்ளாது. 1970களில் நியூயார்க் சதுக்கங்களைப் படமெடுத்து ஆராய்ந்த வில்லியம் வைட் கண்டதும் இதுதான்: மனிதர்களை இழுப்பது மற்ற மனிதர்கள்தான்.

பெஞ்சைப் பெயர்க்கும் முன் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒரு வாரம் பாதையோரம் போட்டுப் பாருங்கள். வருகிறவர்கள் அதை எங்கே இழுத்து, எந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்களோ, பெஞ்சுக்கும் அதுதான் இடம்.

ஒன்று, மாலை வெயில் நேராக அடிக்கும் இடமென்றால் இதெல்லாம் பலிக்காது. அங்கே முதலில் நிழலுக்கு வழி பாருங்கள்.