கேம் நடுவே லேப்டாப் திணறுவது ஏன்?

கேள்வி: என் கேமிங் லேப்டாப்புக்கு இரண்டு வயது. கேம் தொடங்கிய முதல் பத்து நிமிடம் நொடிக்கு 90 ஃபிரேம் வரை கிடைக்கிறது. பிறகு 40க்கு விழுகிறது, சற்று நேரத்தில் ஏறுகிறது, மறுபடி விழுகிறது. பிராசசர் வெப்பம் 97 டிகிரி காட்டுகிறது. லேப்டாப்புக்கு அடியில் வைக்கும், ஃபேன் உள்ள கூலிங் பேட் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: 97 என்ற எண்ணைக் கண்டு முதலில் கலங்க வேண்டாம். இன்டெல் லேப்டாப் பிராசசர்கள் பெரும்பாலானவற்றின் உச்சவரம்பு 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் சிப்களில் மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை. என்விடியா லேப்டாப் கிராபிக்ஸ் சிப்கள் பல 87 டிகிரியை ஒட்டி வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். மெல்லிய பெட்டிக்குள் இவ்வளவு வாட்டை அடைக்கும்போது பிராசசர் 85, 90 என்று நிற்பது இயல்பே. அதற்கு இடம் விட்டுத்தான் வடிவமைக்கிறார்கள். வரம்பைத் தொட்டதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. சூடு இறங்கியதும் மறுபடி ஏற்றுகிறது. நீங்கள் சொல்லும் ஏற்ற இறக்கம் இதுதான்.

ஆனால் ஃபிரேம் விழுவதற்கெல்லாம் சூடே காரணம் என்று முடிவுகட்டுவது தவறு. எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, சென்சார் பக்கத்தை மட்டும் திறந்து, பதிவு செய்யும் பொத்தானை அழுத்திவிட்டு ஒரே கேமை 20 நிமிடம் ஆடுங்கள். பிறகு வெப்பம், வேகம், வாட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெப்பம் வரம்பைத் தொட்ட அதே நொடியில் வேகம் ரம்பப் பல்போல ஏறி இறங்கினால் குளிர்விப்பில்தான் கோளாறு. வெப்பம் 75ஐத் தாண்டாமலே வாட் ஒரே எண்ணில் மொட்டையாக நின்றால், லேப்டாப் மின்சாரத்தை அளந்து கொடுக்கிறது என்று பொருள். பவர் மோடையும் அடாப்டரையும் பார்க்க வேண்டும். வேகமும் வாட்டும் அசையாமல் இருக்க, படம் மட்டும் திக்கித் திக்கி ஓடினால் ரேம் போதவில்லை, அல்லது கிராபிக்ஸ் நினைவகம் நிரம்பிவிட்டது. டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்தாலே தெரிந்துவிடும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் எந்தப் பொருளும் வாங்காதீர்கள்.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் முதல் வகை. இரண்டு வருடம் திறக்காத லேப்டாப்பில் முதல் சந்தேகம் தூசி மேல்தான். ஃபேன் இறகில் ஒட்டும் தூசியை விட, ஃபேனுக்கும், சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே சேரும் தூசிதான் ஆபத்து. அது கம்பளித் துணிபோல ஒரு படலமாகி, காற்று வெளியேறும் வாயையே அடைத்துவிடும். வெளியிலிருந்து காற்றடித்தால் அந்தப் படலம் உள்ளே தள்ளப்படுமே தவிர வெளியே வராது. கீழ்மூடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

லேப்டாப்பை முழுக்க அணைத்து அடாப்டரைப் பிடுங்குங்கள். மூடி ஸ்குரூக்களின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு தாளில் மூடியின் படத்தை வரைந்து, கழற்றும் ஸ்குரூவை அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீள ஸ்குரூவைக் குட்டை இடத்தில் முடுக்கினால் மேற்புற உறையையே துளைத்துவிடும். மூடியின் விளிம்பைப் பிளாஸ்டிக் தகட்டால் நெம்புங்கள், இரும்பு வேண்டாம். திறந்ததும் செய்யும் முதல் வேலை, போர்டிலிருந்து பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பிறகு ஃபேனைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று ஸ்குரூக்களையும் அதன் வயரையும் எடுத்து, ஃபேனைத் தூக்கிவிடுங்கள். தகடுகளின் வாயில் இருக்கும் படலத்தை ட்வீசரால் உரித்து எடுத்து, மிச்சத்தை மென்மையான பிரஷ்ஷால் தள்ளுங்கள். காற்றடிப்பதானால் ஃபேன் இறகை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும், வயர் மாட்டியிருந்தால் ஃபேனே மின்சாரம் உண்டாக்கிப் போர்டுக்குள் அனுப்பும். வாக்குவம் கிளீனரைப் போர்டுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். அதன் நிலைமின்சாரம் சிப்புக்கு எமன்.

சுத்தம் செய்தபின் அதே கேம், அதே காட்சி, அதே 20 நிமிடம் ஓட்டி ஒப்பிடுங்கள். அறை வெப்பமும் ஏறக்குறைய அதே அளவில் இருக்க வேண்டும். அறை 5 டிகிரி கூடினால் சிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும், பிறகு ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை.

கூலிங் பேடுக்கு வருகிறேன். லேப்டாப் அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுக்கும் மாடலாக இருந்தால் கொஞ்சம் பயன் உண்டு. அந்தப் பயனில் பெரும்பங்கு பின்பக்கத்தை 2, 3 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தாலே கிடைத்துவிடும். இரண்டு கட்டைகள் போதும். மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து ஆடுவதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: தூசியெல்லாம் எடுத்தாகிவிட்டது. ஆனாலும் கேமைத் திறந்த மூன்றாவது நொடியில் 98 டிகிரி. மூடினால் சட்டென்று 60. சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசியிருக்கும் பேஸ்ட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: ஆமாம், மாற்றத்தான் வேண்டும். காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். காற்றோட்டம் அடைபட்டால் செம்புக் குழாயும் தகடும் முழுக்கச் சூடேற வேண்டும். வெப்பம் நிமிடக்கணக்கில் மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். நொடியில் பாய்ந்து நொடியில் விழுந்தால், சூடு சிப்பை விட்டு ஹீட்சிங்குக்கே போய்ச் சேரவில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு. பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களில், ஒரு கோருக்கும் மற்றொரு கோருக்கும் 15 டிகிரி வித்தியாசம் காட்டினால், ஹீட்சிங்க் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது அல்லது பேஸ்ட் ஒரு மூலையில் வறண்டிருக்கிறது.

லேப்டாப் சிப்புக்கு மேல் உலோக மூடி கிடையாது. கண்ணாடிபோன்ற சிலிக்கான் நேராக ஹீட்சிங்கைத் தொடுகிறது. சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், நடுவிலுள்ள பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்குகிறது. டெஸ்க்டாப்புக்குப் புகழ்பெற்ற இளகிய பேஸ்ட்கள் லேப்டாப்பில் சில மாதங்களிலேயே தோற்பது இதனால்தான். கெட்டியான பேஸ்ட் எடுங்கள். அதைவிட மேல், ஹனிவெல் பி.டி.எம். 7950 போன்ற நிலைமாறும் தாள். அறை வெப்பத்தில் தாளாக இருந்து, 45 டிகிரி வாக்கில் இளகி இடுக்குகளில் பரவிக்கொள்ளும். ஓரத்துக்கு ஓடாமல் ஆண்டுக்கணக்கில் தாங்கும். வெட்டி ஒட்டுவதற்குமுன் சில நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் மேல்தாள் பிசுபிசுக்காமல் உரியும். ஒட்டிய அன்றே முழுப் பலன் தெரியாது. சில முறை சூடேறி ஆறிய பிறகே வெப்பம் இறங்கி நிலைக்கும்.

ஹீட்சிங்க் ஸ்குரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் பொறித்திருப்பார்கள். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து இறங்குவரிசை, மாட்டும்போது 1லிருந்து ஏறுவரிசை. ஒவ்வொன்றையும் ஒரேயடியாக முடுக்காமல், அரைச்சுற்று அரைச்சுற்றாக எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். ஒரு மூலையை மட்டும் முழுக்க முடுக்கினால் சிப்பின் ஓரம் உடையும், அத்தோடு போர்டே போச்சு. பழைய பேஸ்ட்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சிழை உதிராத துணியும் கொண்டு துடையுங்கள். புதிய பேஸ்ட் சிப்பின் முழுப் பரப்பையும் மூட வேண்டும். மூடி இல்லாத சிப்பில் நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு மூலைகளை விட்டால், அந்த மூலைக் கோர் கொதிக்கும்.

சுற்றியுள்ள நினைவக சிப்களின் மேல் மென்மையான பட்டைகள் இருக்கும். கிழியாமல் இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் தடிமன் மிக முக்கியம். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு நிற்கும், பிராசசரைத் தொடாது. பேஸ்ட் மாற்றியபின் முன்னைவிட மோசமாகிவிட்டது என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இந்த அரை மில்லிமீட்டர்தான் காரணம்.

பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் பூசலாமா என்றும் கேட்பீர்கள். தொழிற்சாலையிலேயே பூசி வந்த மாடலைத் தவிர மற்றதில் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அது மின்சாரத்தைக் கடத்தும், அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். பையில் போட்டுத் தூக்கித் திரியும் பொருளுக்குள் அப்படி ஒரு துளி உருண்டோட இடம் கொடுக்கக் கூடாது.

கேள்வி: என் பிரச்சினை தலைகீழ். வெப்பம் 55 டிகிரிதான். ஆனால் பிராசசர் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. விண்டோஸை மறுபடி நிறுவியும் பயனில்லை.

பதில்: விண்டோஸ் மேல் பழி இல்லை. பிராசசருக்கு வெளியிலிருந்து, ‘சூடாகிவிட்டது, வேகத்தைக் குறை’ என்று கட்டளையிட ஒரு தனிக் கம்பி உண்டு. பிராக்ஹாட் என்பார்கள். போர்டிலுள்ள ஏதோ ஒரு சென்சார் கெட்டாலும், அடாப்டரை அடையாளம் காண முடியாவிட்டாலும், சூடே இல்லாமல் அந்தக் கட்டளை போய்விடும். பிராசசர் கேள்வி கேட்காமல் படுத்துவிடும்.

அடாப்டரைத்தான் முதலில் பாருங்கள். 230 வாட் தேவைப்படும் லேப்டாப்பில் 120 வாட் அடாப்டரையோ, டைப்-சி சார்ஜரையோ செருகியிருக்கிறீர்களா? சில நிறுவனங்களின் அடாப்டர் முனையில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அடாப்டர் எத்தனை வாட் என்ற தகவல் அதன் வழியாகத்தான் போகிறது. அது வளைந்தாலும் உடைந்தாலும் லேப்டாப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பல சமயம் பேட்டரியும் ஏறாது. சில மாடல்களில், விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் திரையிலேயே அடாப்டரின் வாட் தெரியும்.

அடாப்டர் சரியென்றால் லேப்டாப்பை அணைத்து, அடாப்டரைப் பிடுங்கி, பவர் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். சில நேரம் இதிலேயே தெளியும். அதிலும் அசையவில்லையென்றால், இன்டெல் பிராசசரில் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளில் பி.டி. பிராக்ஹாட் என்ற டிக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உடனே வேகம் ஏறினால் நோய் எதுவென்று உறுதி. ஆனால் அதை அப்படியே விட்டு மணிக்கணக்கில் ஆடக் கூடாது. உண்மையிலேயே மின்சுற்று சூடேறி அந்தக் கட்டளை வந்திருந்தால், எச்சரிக்கும் வாயைப் பொத்திவிட்டதாக ஆகும். போர்டைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அண்டர்வோல்ட் செய்தால், அதாவது சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்தால், சூடு குறையும் என்கிறார்கள். என் லேப்டாப்பில் அந்த அமைப்பு மங்கிக் கிடக்கிறது. வேறு வழி?

பதில்: 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானது. வோல்டேஜைக் குறைப்பதன் மூலம் இன்டெல் பிராசசரின் பாதுகாக்கப்பட்ட பகுதியிலிருந்து ரகசியங்களைக் கறக்க முடியும் என்று காட்டினார்கள். அதன்பின் பல நிறுவனங்கள் பயாஸ் அப்டேட்டில் அந்தக் கதவைப் பூட்டிவிட்டன. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும்.

வருத்தப்பட வேண்டாம், கிராபிக்ஸ் சிப்பின் கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கன்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு வரும். முதலில் கோர் வேகத்தை 200 மெகாஹெர்ட்ஸ் குறைத்து முழுக் கோட்டையும் இறக்குங்கள். பிறகு 850 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் பிடித்து, உங்கள் சிப் வழக்கமாக ஓடும் வேகத்துக்கு, உதாரணமாக 1700 மெகாஹெர்ட்ஸுக்கு, உயர்த்தி உறுதிசெய்யுங்கள். அதற்கு அப்பால் கோடு தட்டையாகிவிடும். கேம் நடுவே மூடிக்கொண்டால் 25 மில்லிவோல்ட் கூட்டுங்கள். நிலைத்து ஓடுகிறது என்று சில நாள் பார்க்கும்வரை விண்டோஸோடு தானாகத் தொடங்கும்படி வைக்காதீர்கள்.

பிராசசருக்கு விண்டோஸ் பவர் அமைப்பில் அதிகபட்ச நிலையை 100லிருந்து 99 ஆக்குங்கள். டர்போ என்ற கூடுதல் வேகம் நின்றுவிடும், வெப்பம் பளிச்சென்று இறங்கும். பிராசசரை அதிகம் கேட்கும் கேம்களில் ஃபிரேம் குறையும் என்பது அதன் விலை. பெரும்பாலான லேப்டாப்களில் இரண்டு சிப்பும் ஒரே செம்புக் குழாய்களைப் பகிர்ந்துகொள்வதால், பிராசசர் ஆறினால் கிராபிக்ஸ் சிப்பும் ஆறும். ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு போடவும் மறக்காதீர்கள். கதை சார்ந்த கேமுக்கு 60 போதும். வரம்பில்லாவிட்டால் சும்மா நிற்கும் மெனு திரைகூட 300 ஃபிரேம் ஓடி லேப்டாப்பை வீணாகக் கொதிக்கவைக்கும்.

கேள்வி: சார்ஜரைப் பிடுங்கியதும் ஃபிரேம் பாதிக்கும் கீழே போகிறது. பேட்டரி கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. 180 வாட் கேட்கும் லேப்டாப்பில் 90 வாட்-ஹவர் பேட்டரி முழுவேகத்தில் அரைமணிதான் வரும். அவ்வளவு வேகமாக உறிஞ்சினால் பேட்டரி செல்களும் தாங்காது. அதனால் வாட்டைக் கட்டுப்படுத்துகிறார்கள். கேம் ஆடும்போது சார்ஜரை மாட்டியே ஆடுங்கள். எப்போதும் மாட்டியிருப்பவர்கள் நிறுவனத்தின் மென்பொருளில் சார்ஜ் வரம்பை 80க்கோ 60க்கோ வையுங்கள்.

கேள்வி: டச்பேட் ஒரு பக்கம் மேலே எழும்பி நிற்கிறது. அழுத்தினால் க்ளிக் ஆவதில்லை. சூட்டில் பிளாஸ்டிக் வளைந்துவிட்டதா?

பதில்: அடியில் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு மிக அதிகம். இப்போதே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். டச்பேடை அழுத்தி உள்ளே தள்ள முயல வேண்டாம்; குத்தவோ வளைக்கவோ கூடாது. எரியக்கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் சேருங்கள்.