நேரலை என்கோடரைத் தொலைவிலிருந்து இயக்குதல்: கேள்வி பதில்

அட்டவணைப்படி காலையில் நேரலை தொடங்கியிருக்க வேண்டும். இரவில் மின்தடை; காலையில் என்கோடர் (கேமராப் படத்தைச் சுருக்கி இணையத்தில் அனுப்பும் கருவி) சும்மா இருந்தது. பழுதா?

முதலில் அதன் கடிகாரத்தைப் பாருங்கள். மின்சாரம் இல்லாதபோது நேரத்தைக் காப்பது உள்ளே இருக்கும் நாணய அளவு பேட்டரி. அது தீர்ந்திருந்தால் கருவி விழித்ததும் 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொள்ளக்கூடும். அட்டவணை என்ன செய்யும், பாவம்! நெட்வொர்க்கில் சரியான நேரத்தைக் கேட்டு வாங்க என்டிபி என்ற நெறிமுறை இருக்கிறது. அது யுடிபி 123ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள நெட்வொர்க் வாசலில் போகிறது. அதை அடைத்துவைத்திருக்கும் ஃபயர்வால்கள் உண்டு. அப்போது படம் ஒழுங்காகப் போகும், நேரம் மட்டும் வராது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். உள் நெட்வொர்க்கிலேயே ஓர் என்டிபி சர்வரைக் காட்டிவிடுங்கள். ஒளிபரப்பு சில மணி நேரம் முன்பின்னாகத் தொடங்கினால் குற்றவாளி தவறாக அமைத்த நேர மண்டலம்.

வீட்டிலிருந்து கருவியின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்க ரூட்டரில் எந்தப் போர்ட்டைத் திறக்க வேண்டும்?

எதையும் திறக்காதீர்கள். 2016இல் மிராய் என்ற தீய நிரல் பிடித்துக்கொண்டவை, ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தைப் பார்த்துக் கிடந்த கேமராக்களும் பதிவுக் கருவிகளும்தான். விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப் பாதை) வழியாக உள்ளே போங்கள், கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

பதிவு ஒன்றரை மணி நேரத்தில் துண்டாகிவிடுகிறது.

நொடிக்கு 6 மெகாபிட் வேகமா? அப்படியானால் டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய கோப்பு வடிவத்தில் இருக்கக்கூடும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், கருவி ஏற்குமானால்.

சிம் மோடத்தில் போர்ட் திறந்தும் கருவி எட்டவில்லை.

மறுபடியும் போர்ட்டா! மோடத்தின் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான ஒன்றில் தொடங்கினால், சிம் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கிறது. வெளியிலிருந்து கதவு கிடையாது. கருவிதான் வெளியே வர வேண்டும். இரண்டாவது பதிலில் சொன்ன விபிஎன்னைக் கருவியின் பக்கத்திலிருந்தே தொடங்கவையுங்கள்.

அட்டவணை கருவியில் இருக்க வேண்டுமா, சர்வரிலா?

கருவியில். இணைப்பு அறுந்தாலும் பதிவாவது நடக்கும்.

ஏற்க முடியாது. என்னிடம் இருபது கருவிகள். ஒவ்வொன்றிலும் போய் நேரம் திருத்துவதா? சர்வர் கட்டளையிட்டால் நடந்ததா என்றும் தெரியும்.

தொடங்கும் நொடியில் சர்வருக்கும் கருவிக்கும் இடையே கம்பி அறுந்தால்?

அப்போது நேரலையும்தான் போகாது.

பதிவு போகுமே! நேரலையை இழந்தவர் பதிவைப் பிறகு ஏற்றலாம். பதிவும் இல்லாதவர் என்ன ஏற்றுவார்? ஆனால் இருபது கருவிகள் என்பது நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். சர்வர் முந்தைய நாளே அட்டவணையைக் கருவிக்குள் எழுதட்டும், கருவி தன் கடிகாரப்படி நிறைவேற்றட்டும். தொடங்கிய ஒரு நிமிடத்தில் சர்வர் நிலையைக் கேட்டு, ஓடவில்லை என்றால் உங்களை எழுப்பட்டும்.

அப்படியானால் சர்வருக்காக எந்தப் போர்ட்டைத் திறப்பது?

இரண்டாவது பதில்.