விசித்திர ஒலிக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? கேள்வி-பதில்

கேள்வி (வடபழனி): தான் பயன்படுத்திய பழைய லைசென்ஸ் என்று சொல்லி ஒருவர் கிரானுலர் சின்த் (ஒலியைத் துணுக்குகளாக்கிப் புது ஒலி உருவாக்கும் கணினி மென்பொருள்) ஒன்றை 6,000 ரூபாய்க்கு விற்றார். சீரியல் எண் வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. இப்போது போனை எடுப்பதில்லை.

பதில்: ஏமாற்றியவன்தான் வெட்கப்பட வேண்டும், நீங்கள் அல்ல. உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். யுபிஐ விவரம், உரையாடல், சீரியல் எண் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், பணம் கை மாறிக்கொண்டே போகும். இனிமேல் பழைய லைசென்ஸ் வாங்குவதானால், பெயர் மாற்றத் தருவார்களா என்று தயாரித்த நிறுவனத்திடமே முதலில் கேளுங்கள். சிலர் தருவதே இல்லை.

கேள்வி (தாம்பரம்): நண்பர் தந்த கிராக் (பூட்டு உடைத்த திருட்டுப் பிரதி) சின்த்களைப் போட்டதிலிருந்து லேப்டாப் தானாக ஏதேதோ செய்கிறது.

பதில்: ஃபார்மட் செய்யுங்கள். வேறொரு கருவியிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

கேள்வி (மயிலாப்பூர்): இதுவரை கேட்காத மாதிரி சத்தம் வேண்டும். 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு சின்த்துக்கு வாழ்நாள் லைசென்ஸ் தருகிறார்கள், வாங்கலாமா?

பதில்: யாருடைய வாழ்நாள் என்று கேட்டீர்களா? சில வருடங்களுக்கு முன் நானும் அப்படி ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். நிறுவனம் மூடியது, லைசென்ஸைச் சரிபார்த்துத் திறந்துவிடும் ஆக்டிவேஷன் சர்வரும் நின்றது. புது லேப்டாப்பில் அது திறக்கவே இல்லை. பாதியில் நின்ற இரண்டு டிராக்குகளை இன்றுவரை முடிக்க முடியவில்லை. நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்க இன்னொருவரின் சர்வர் உயிரோடு இருக்க வேண்டும் என்பது அநியாயம். இணையம் இல்லாமல் ஆக்டிவேட் ஆகுமா, எத்தனை கணினியில் போடலாம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

சர்ஜ் என்ற சின்த் ஒரு காலத்தில் விற்பனைக்கு இருந்தது. 2018-ல் அதை உருவாக்கியவர் மூலநிரலையே யாரும் எடுத்து மாற்றலாம் என்று திறந்துவிட்டார். இன்று சர்ஜ் எக்ஸ்டி என்ற பெயரில் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள், இலவசம். விசிவி ராக் என்ற சின்த்திலும் இலவசப் பதிப்பு இருக்கிறது, வயர் மாட்டுவதுபோல் மாட்யூல்களை (ஒலியை உருவாக்கும், மாற்றும் தனித்தனிப் பகுதிகள்) இணைத்துப் பார்க்கலாம். கிரானுலர் முறை என்பது ஒலியை நொடியில் நூறில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு எனத் துணுக்குகளாக வெட்டி மாற்றி அடுக்குவதுதான். மாட வீதியில் கோயில் மணியைப் போனில் பதிந்து அந்த முறையில் வெட்டி அடுக்கிப் பாருங்கள். அப்புறம் 15,000 தேவையா என்று யோசிக்கலாம்.

கேள்வி (போரூர்): வாங்கிய சின்த் என் லேப்டாப்பில் கரகரவென்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: டெமோ இருந்ததா, போட்டுப் பார்த்தீர்களா? அதை எழுதவே இல்லையே. பஃபரை (கணினி ஒரு தடவையில் கையாளும் சாம்பிள்கள், அதாவது ஒலியின் சிறு அளவீடுகள், எத்தனை என்ற அமைப்பு) 512-க்கு உயர்த்துங்கள். நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால் அது சுமார் 12 மில்லிநொடித் தாமதம்தான், வாசிக்கச் சமாளிக்கலாம். கரகரப்பு போகாவிட்டால் ரீஃபண்ட் விதியைப் படித்து இன்றே எழுதுங்கள்.