ஆலைப் பாதுகாப்பு: ஞாயிற்றுக்கிழமை கேள்வி பதில்

சேலம் வட்டாரத்து ஆலைகளில் 26 வருடம் பாதுகாப்பு அலுவலராக இருந்தவன் நான். தொழிலாளிகளைப் பாதுகாப்பு வேலையில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதைப் பற்றி இன்று கேளுங்கள். தொடங்கும் முன் ஒன்று: தொட்டிக்குள் மயங்கி விழுந்தவரைத் தூக்க யாரும் அப்படியே குதிக்காதீர்கள். இன்று இதைப் பல தடவை சொல்வேன்.

கேள்வி (ஆத்தூர், சேகோ (ஜவ்வரிசி) ஆலை மேலாளர்): அரவை எந்திரத்தின் கார்டை (கை போகாமல் தடுக்கும் மூடியை) ஆட்கள் கழற்றி வைத்துவிடுகிறார்கள். என்ன தண்டனை கொடுக்கலாம் சார்?

பதில்: தண்டனையை விடுங்கள். ஏன் கழற்றுகிறார்கள் என்று கேட்டீர்களா? நான் இருந்த ஓர் ஆலையில் கார்டு எப்போதும் சுவரில் சாய்ந்து கிடக்கும், மாவு படிந்து காய்ந்து வெள்ளையாக. மூன்று மாதம் மெமோ கொடுத்தேன், ஒன்றும் மாறவில்லை. ஒருநாள் இரவு ஷிப்டில் போய் நின்றேன். மரவள்ளி நார் சிக்கி நாலைந்து தடவை எந்திரம் அடைத்தது. ஒவ்வொரு தடவையும் எட்டு போல்ட் கழற்றி எட்டு போல்ட் மாட்ட வேண்டும். ஸ்பேனர் ஃபிட்டரின் பெட்டியில், பெட்டிக்குப் பூட்டு, ஃபிட்டர் பகல் ஷிப்ட். எந்திரம் ஓட்டுகிற பெரியவர்தான் வழி சொன்னார்: "கதவு மாதிரி கீல் வெச்சுக் குடுங்க சார், நாங்க எதுக்குக் கழட்டறோம்?"

கீல் வைத்தோம். கீல் மட்டும் போதாது. மோட்டாரை அணைத்த பிறகும் உருளை தன் வேகத்தில் சுற்றும், அதற்குள் கை போனால் விரல் மிஞ்சாது. அதனால் உருளை அடங்கிய பிறகே திறக்கிற பூட்டும் சேர்த்தோம். அடைப்பு எடுக்கிறவர் மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் கார்டு சுவரோரம் போகவேயில்லை.

கேள்வி (ஓமலூர்): மார்ச் 4 பாதுகாப்பு தினத்துக்கு என்ன போட்டி வைக்கலாம்?

பதில்: கோலம், கட்டுரை எதுவும் வையுங்கள். அன்றைக்கே ஆட்கள் சொன்ன ஒரு குறையையாவது சரிசெய்து காட்டுங்கள்.

கேள்வி (தலைவாசல்): கழிவுநீர்த் தொட்டியில் முதலில் நாற்றம் அடித்தது, அப்புறம் அடிக்கவில்லை. இறங்கிச் சுத்தம் செய்யலாமா?

பதில்: கூடாது, கூடவே கூடாது. மாவுக் கழிவு அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றதை வாயு போய்விட்டதாக நினைத்துத்தான் இறங்குகிறார்கள். காற்றைவிடக் கனமான வாயு, அடியிலேயே தேங்கி நிற்கும். முதல் ஆள் விழுவார், அண்ணன் விழுந்துட்டாரே என்று தம்பி குதிப்பார், அவரும் விழுவார். வெளியே நின்றே பம்பு வைத்து உறிஞ்சி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். இறங்கியே தீர வேண்டும் என்றால் வாயு அளக்கும் கருவி, வெளிக்காற்று ஊதும் பிளோயர், இடுப்புக் கயிற்றை மேலிருந்து இழுக்கும் மூன்று கால் தாங்கி, நகராமல் நிற்க ஒரு காவல் ஆள், எழுத்தில் அனுமதி, எல்லாம் வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் இறங்கக்கூடாது.

கேள்வி (மேட்டூர், சூப்பர்வைசர்): 'விபத்தில்லா 200 நாட்கள்' என்று பலகை வைத்து, எல்லோருக்கும் பரிசும் தருகிறோம். ஈடுபாடு நன்றாக வருகிறது. நீங்கள் இதை எதிர்ப்பவர் என்கிறார்கள், ஏன்?

பதில்: 199ஆம் நாள் ஒருவர் விரலை நசுக்கிக்கொண்டால் என்ன ஆகும்? கூட இருக்கிறவர்களே "சொல்லாதப்பா, எல்லாருக்கும் பரிசு போயிடும்" என்பார்கள்.

மேட்டூர்க்காரர் மீண்டும்: எங்கள் ஆட்கள் அப்படி இல்லை.

இன்னொருவர்: நான் அப்படிப் பரிசு வாங்கியவன். கையில் கட்டோடு ஒருவரை ஸ்டோரில் உட்கார வைத்து, வருகைப் பதிவும் போட்டோம்.

பதில்: இதைத் துணிந்து எழுதியதற்கு நன்றி. மறைத்த காயத்துக்கு இ.எஸ்.ஐ. பலனும் கிடைக்காது, அடுத்தவர் விரலும் தப்பாது. பரிசை, காயமில்லாமல் 'மயிரிழையில் தப்பியது' பற்றிச் சீட்டு எழுதிப் போடுகிறவர்களுக்குக் கொடுங்கள்.

மேட்டூர்க்காரர்: காசு கொடுத்தால் கண்டதையும் எழுதுவார்கள்.

பதில்: அது நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். சீட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்காதீர்கள். பலகையில் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன சொன்னார்கள், யார் சரிசெய்கிறார், எந்தத் தேதிக்குள். செய்ய முடியாது என்றால் ஏன் என்றும் எழுதுங்கள். எழுதிப் போட்ட சீட்டுக்குப் பதிலே வராவிட்டால் யாரும் இரண்டாவது சீட்டு எழுத மாட்டார்கள். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தான தொழில் நடக்கும் ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று சேர்த்தார்கள். அந்தக் குழுவில் டீ குடித்துக் கையெழுத்துப் போடுவதோடு நிற்காமல் இந்தப் பலகையை வாசியுங்கள்.

கேள்வி (ஏற்காடு, எஸ்டேட் மேஸ்திரி): மிளகு பறிக்க மூங்கில் ஏணிக்குப் பதில் அலுமினிய ஏணி வாங்கலாமா?

பதில்: எடை குறைவு, சரி. ஆனால் சில்வர் ஓக் மர வரிசைக்குப் பக்கத்தில் மின்கம்பி போனால் அலுமினியம் வேண்டவே வேண்டாம். ஏணியை நிறுத்தியபடியே அடுத்த மரத்துக்கு நகர்த்தும்போதுதான் நுனி கம்பியில் படும். எந்த வரிசையில் கம்பி தாழ்ந்திருக்கிறது என்று பறிக்கிறவர்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைத்து ஒட்டும்போது வரும் புகையில் சாயங்காலமானால் காய்ச்சலும் நெஞ்சு இறுக்கமும் வருகிறது.

பதில்: ஒட்டப் பயன்படும் பற்றுப்பொடியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கலாம். இன்றே டாக்டரிடம் போய் வேலையையும் சொல்லுங்கள். காட்மியம் இல்லாத பற்று கேட்டு வாங்குங்கள். ஈரத்துணி இந்தப் புகையைத் தடுக்காது.

கேள்வி (கெங்கவல்லி): எங்கள் தொட்டி சின்னதுதான், ஐந்தடி. அதற்குமா இவ்வளவு?

பதில்: அதற்கும்தான். மேலே தலைவாசல்காரருக்கு எழுதியதை முழுக்கப் படியுங்கள்.

கேள்வி (வாழப்பாடி): பாதுகாப்பு தினத்துக்கு ஏதாவது முழக்கம் இருந்தால்...

பதில்: ஓமலூர்க்காரருக்குச் சொன்னதேதான்.

கேள்வி (ஊர் வேண்டாம் ஐயா): நாளைக்கு எங்களைத் தொட்டியில் இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். மறுத்தால் வேலை போய்விடுமோ?

பதில்: தம்பி, இறங்காதே. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகப் பயந்தால் முதலாளியிடமும் அதே நேரத்தில் அரசின் தொழிற்சாலை ஆய்வாளரிடமும் சொல்ல, 2020 தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 14ஆம் பிரிவு உரிமை தருகிறது. தனியாகப் போகாதே, கூட வேலை செய்கிறவர்களையும் சேர்த்துக்கொள். "வாயு அளக்கவில்லை, கயிறு இல்லை, காவல் ஆள் இல்லை" என்று மூன்றே வரி எழுதி, தேதி போட்டு எல்லோரும் கையெழுத்திடுங்கள். ஒரு படியைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள். காலையில் ஷிப்ட் தொடங்கும் முன்பே கொடுத்துவிடு. கொடுத்ததும் எனக்கு எழுது, காத்திருக்கிறேன்.