ஜப்பானிய மேப்பிள்: பசளைக்கு முன் காற்றைப் பாருங்கள்

கேள்வி: நுவரெலியா பக்கம் கந்தப்பளையில் எங்கள் வீடு. ஜனவரியில் இரண்டடி உயர ஜப்பானிய மேப்பிள் கன்று ஒன்றை வாங்கி, புதுச் சீமெந்துச் சாடியில், உருளைக்கிழங்குப் பாத்தி மண் போட்டு வாசலில் வைத்தேன். ஏப்ரலில் செக்கச்செவேலென்று துளிர்த்தது. ஜூன் பிறந்ததிலிருந்து இலை ஓரங்கள் கருகிச் சுருள்கின்றன. பக்கத்து வீட்டு அண்ணன் யூரியா போடச் சொல்கிறார். போடலாமா? நிலத்தில் இறக்கி நட்டால் தேறுமா? படங்களில் பார்ப்பதுபோல் இலை எல்லாம் ஒன்றாகச் சிவக்குமா?

பதில்: யூரியாவை இப்போது தொடாதீர்கள். உங்கள் கன்றுக்குப் பசி இல்லை, தாகம். ஓரம் கருகிய செடிக்கு யூரியா போட்டால் வேரைச் சுற்றி உப்பு கூடி, கருகல் இன்னும் உள்ளே ஏறும்.

முதலில் இலைகளை நிதானமாகப் பாருங்கள். காற்று வரும் பக்கத்து இலைகள் அதிகமாகவும் மறுபக்கத்து இலைகள் குறைவாகவும் கருகியிருந்தால் காரணம் காற்றுதான். மேப்பிள் இலை தாள் போல மெல்லியது. தென்மேற்குப் பருவக்காற்று விடாமல் அடிக்கும்போது, வேர் தண்ணீரை அனுப்பும் வேகத்தைவிட இலை அதை இழக்கும் வேகம் கூடிவிடுகிறது. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் இலையின் ஓரம். காய்வதும் அதுதான் முதலில்.

ஒரு கிளை மட்டும் திடீரென்று வாடித் தொங்கினால் விஷயம் வேறு. அந்தக் கிளையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மரத்தில் கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ கோடு, புள்ளி தெரிந்தால் வெர்ட்டிசீலியம் என்ற பூஞ்சை வாடல் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. பாதித்த கிளையை வெட்டி எரித்துவிட்டு, கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் நீங்கள் போட்ட மண். இந்தப் பூஞ்சை உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரியையும் பிடிக்கும். மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். மரக்கறிப் பாத்தி மண்ணில் மேப்பிளை வைக்கவே கூடாது. அந்தப் பாத்திகளுக்கு, மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்பும் போட்டிருப்பீர்கள். மேப்பிளுக்குப் பிடித்தது லேசான புளிப்பு மண். புதுச் சீமெந்துச் சாடியும் தன் பங்குக்குச் சுண்ணாம்பைக் கசியவிடும்.

சரி, இப்போது என்ன செய்வது? இன்றைக்கே சாடியை வாசலிலிருந்து எடுத்து, வீட்டின் கிழக்குப் பக்கம் சுவர் ஓரமாக வையுங்கள். காலை பத்து மணி வரை வெயில், பிறகு நிழல் என்று கிடைக்கும் இடம் நல்லது. மண்ணை உடனே மாற்ற வேண்டாம்; இலையோடு நிற்கும் செடியின் வேரைக் கலைத்தால் இருக்கிற தெம்பும் போய்விடும். ஊற்றிய தண்ணீர் அடியில் வடியாமல் நின்றால் மட்டும் இப்போதே மாற்றுங்கள். மற்றபடி அடுத்த ஜனவரி வரை பொறுங்கள். இலை குறைந்து, மொட்டு இன்னும் வீங்காத சமயம் அது.

அப்போது தேயிலை மலை மேல்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, சிறு சரளைக்கல் ஒரு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். தும்புச்சோற்றை மூன்று நான்கு தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேருங்கள். அதில் இருக்கும் உப்பும் இலை ஓரத்தைக் கருக்கும். சாடி மண்சாடியாக, அடியில் பெரிய துவாரத்தோடு இருக்கட்டும். பசளை வேண்டுமென்றால் துளிர்க்கும் காலத்தில் ஒரு கைப்பிடி கூட்டெரு போதும்.

நம் ஊரில் பலர் ஏமாறுவது தண்ணீரில்தான். நாள் முழுக்க மூடுபனி இறங்கி இலை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், சாடிக்குள் மண் காய்ந்து கிடக்கும். இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டவில்லை என்றால் அடியில் வடியும் வரை ஊற்றுங்கள். பீலித் தண்ணீர் தாராளமாகப் போதும்.

நிலத்தில் நடலாமா என்றால், என் யோசனை வேண்டாம் என்பதே. சாடியில் இருந்தால் ஜூனில் காற்றுக்கு மறைவாகவும், ஜனவரியில் குளிர் நன்றாகத் தங்கும் மூலைக்கும் நகர்த்தலாம். மேப்பிளுக்கு வேண்டியது வெறும் குளிர்ச்சி அல்ல, ஓய்வு. அது பிறந்த ஜப்பானில் பல வாரக் கடுங்குளிரில் இலை உதிர்த்துத் தூங்கி எழும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும், இங்கே வருடம் முழுக்க ஒரே மாதிரியான குளிர். அதனால் மரம் அரைத் தூக்கத்திலேயே நிற்கும், வளர்ச்சியும் மெதுவாகத்தான் இருக்கும். ஒக்டோபரிலிருந்து பசளையை நிறுத்தினால் கொஞ்சமாவது ஓயும். துகள் உறைபனி விழும் இரவுகளில், இளந்துளிர் இருந்தால் மட்டும் தாழ்வாரத்துக்குள் எடுத்து வையுங்கள்.

மரம் முழுக்க ஒன்றாகச் சிவக்கும் அந்தக் காட்சியை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். கியோட்டோவில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் நாலரை மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம். நமக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பகல் சுருங்குவதையும் இரவு குளிர்வதையும் வைத்துத்தான் அந்த மரம் இலையுதிர் காலம் வந்ததை அறிகிறது. ஆனால் ஏப்ரலில் நீங்கள் கண்ட சிவந்த துளிர் வருடா வருடம் வரும். என் கண்ணுக்கு அதுவே போதுமான அழகு.

கவ்வாத்து விஷயத்தில் கவனம். தேயிலையை வெட்டுவது போல மட்டமாக வெட்டிவிடாதீர்கள். தேயிலை தாங்கும், மேப்பிள் தாங்காது. காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை, இவற்றை மட்டும் எடுங்கள். அப்புறம், தண்டின் அடியில் ஒட்டுப் போட்ட முடிச்சு தெரியும். அதற்குக் கீழே பச்சைத் துளிர் கிளம்பினால் உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் அந்தக் காட்டுக் கிளை செந்நிற வகையை அமுக்கிவிடும்.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு: சிவப்பு இலை வேண்டுமென்றால் 'பிளட்குட்' வகையைத் தேடுங்கள், ஓரளவு திடமானது. சரிகை போல் நுணுக்கமாகப் பிளந்த இலை வகைகள் நம் காற்றில் முதலில் கருகும். நீல மேப்பிள் விதை என்று இணையத்தில் விற்பார்கள். அப்படி ஒரு மரமே கிடையாது. கண்டி, மாத்தளை போன்ற தாழ்ந்த இடங்களில் இருப்பவர்கள் மேப்பிளில் பணம் போட வேண்டாம். இடம் இருந்தால் நாகமரம் வையுங்கள். வளரக் காலம் எடுக்கும், ஆனால் துளிர்க்கும்போது மரமே சிவந்து நிற்கும்.