மன்னிப்புக் கேட்டால் என் நர்ஸைக் கைவிட்டதாகிவிடுமா?

கேள்வி: வார்டு இன்சார்ஜ் ஆகி 3 மாதம் ஆகிறது. அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெரியவருக்கு வலி ஊசி போட 40 நிமிடம் தாமதமாகிவிட்டது. அவர் மகன் வார்டே அதிரும்படி எங்கள் இளம் நர்ஸைத் திட்டினார். அடுத்த படுக்கையில் ஒருவருக்கு மூச்சுத் திணறல், அதனால்தான் தாமதம் என்று விளக்கினேன். இன்னும் கொதித்தார். இப்போது நிர்வாகம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறது. கேட்டால் என் நர்ஸைக் கைவிட்டதாகிவிடாதா?

பதில்: ஆகாது அம்மா. எதற்காக வருந்துகிறீர்கள் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். “உங்கள் அப்பா 40 நிமிடம் வலியோடு கிடந்தார். ஏன் தாமதம் என்று நாங்கள் யாரும் வந்து சொல்லவில்லை. அதற்கு வருந்துகிறேன்.” இவ்வளவு போதும். “உங்களுக்கு அப்படித் தோன்றியிருந்தால்” என்று மட்டும் இழுக்காதீர்கள். ஆறிய கோபமும் திரும்பக் கிளம்பும்.

நீங்கள் சொன்ன காரணம் நியாயமானதுதான். மூச்சுத் திணறுகிறவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால், அப்பா முனகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மகன் காதில் அது, “உன் அப்பா அப்புறம்தான்” என்றுதான் விழும்.

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். ஓர் இரவு டியூட்டியில், நோயாளி ஒருவரின் மகள் மேஜையைத் தட்டித் தட்டிக் கத்தினார். கேஸ் ஷீட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்று, விதிகளை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் அவரை உட்கார வைத்து, நானும் உட்கார்ந்து, “இதுவரை யார் யார் உங்களிடம் என்ன சொன்னார்கள்?” என்று கேட்டேன். கையில் கசங்கியிருந்த சீட்டை விரித்தார். காலை: இன்று ஆபரேஷன். மதியம்: இன்று இல்லை. மாலை: டாக்டர் வந்தால்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டிருந்தார். நோயாளியான அவர் அம்மா விடிந்ததிலிருந்து வெறும் வயிறு.

மறுநாளிலிருந்து, ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் விவரம் ஒப்படைக்கும் எங்கள் ஹேண்டோவரில் மருந்து, டிரிப்ஸோடு “குடும்பத்திடம் என்ன சொல்லியிருக்கிறோம்” என்பதும் சேர்ந்தது. பேசுவதற்குக் குடும்பத்தில் ஒருவர், நம் பக்கம் ஒருவர் என்று முடிவு செய்துகொண்டோம். என்ன நடக்குமென்று தெரியாமல் காத்திருப்பது உடல் உழைப்பைவிட நோயாளியை வருத்தும் என்று நவீன நர்ஸிங்கின் முன்னோடியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே எழுதியிருக்கிறார். கூட இருப்பவர்களுக்கும் அப்படித்தான்.

கை ஓங்கினாலோ மிரட்டினாலோ பேச்சு அங்கேயே நிற்க வேண்டும். வாசல் பக்கமாக நகர்ந்து, காவலரை வரவழையுங்கள். பேசிய வார்த்தைகளை அப்படியே அன்றே எழுதி வையுங்கள். “முரட்டுத்தனமாக நடந்தார்” என்று எழுதினால் எதுவும் புரியாது.

அந்த மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: “குறை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். என் நர்ஸிடம் அப்படிப் பேசக் கூடாது.” அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்து, முதலில் அவள் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். நாளை அந்தப் படுக்கைக்கு அவள் போகும்போது நீங்களும் கூடப் போங்கள்.